அத்தியாயம் 7: அழைப்பும் அனுமதியும்

தத்தெடுப்பு பற்றிக் கேட்டு வரும் கிறிஸ்தவத் தம்பதிகள் பெரும்பாலும் ஜெபத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ரெண்டு பேரும் எந்த நாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கீங்க?" என்பதுதான். குழந்தை எந்த வழியாக உங்கள் வீட்டுக்கு வர முடியும், வரவே முடியுமா என்பதை முதலில் தீர்மானிப்பது அந்தச் சின்னப் புத்தகம்.

அமெரிக்காவில் இருப்பவர்களை எடுத்துக்கொள்வோம். இந்தியாவும் அமெரிக்காவும் 1993-ன் ஹேக் தத்தெடுப்பு ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள். இந்தியாவில் அது 2003 முதலும் அமெரிக்காவில் 2008 முதலும் நடைமுறையில் இருக்கிறது. அந்த வழியில் குழந்தைக்கு விசா கேட்க, பெற்றோரில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் தம்பதிக்கு அந்தக் கதவு திறக்காது. அவர்கள் தத்தெடுத்த குழந்தையை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் 'குழந்தை' என்று ஏற்க வேண்டுமானால், 16 வயதுக்கு முன் தத்து முடிந்திருக்க வேண்டும். 2 ஆண்டுகள் சட்டப்படி அவர்கள் பொறுப்பில் இருந்து, 2 ஆண்டுகள் அவர்களோடு வாழ்ந்திருக்கவும் வேண்டும். நடைமுறையில், அம்மாவோ அப்பாவோ வேலையை விட்டுவிட்டு இந்தியாவில் போய்த் தங்க வேண்டிவரும். இது தெரியாமல் இந்தியாவில் தத்தெடுத்துவிட்டு, குழந்தையைத் தாத்தா வீட்டில் விட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தையை இன்னொரு முறை விட்டுப் போவது அது. ஆகவே உங்கள் விசா நிலையை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு சபைக்குச் சொல்லுங்கள்.

இந்த அத்தியாயத்தில் ஒரு குடும்பம் நம்மோடு வரும். எனக்குத் தெரிந்த சில குடும்பங்களின் அனுபவங்களைச் சேர்த்து, யாருடைய அடையாளமும் தெரியாதபடி ஒன்றாக்கியிருக்கிறேன். கணவருக்குப் பூர்வீகம் நாகர்கோவில், மனைவிக்குப் பாளையங்கோட்டை. வீடு டெக்சாஸில். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள். ஒரு மகன் இருக்கிறான். இன்னொரு பிள்ளைக்காகக் காத்திருந்து, இரண்டு முறை கரு கலைந்து, ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் "கர்ப்பத்தின் கனி ஆண்டவர் தருவார்" என்ற ஆறுதலைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர்கள். அந்தக் களைப்புக்கு மருந்தாகத் தத்தெடுப்பை நினைக்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் ஒரு வருடம் பொறுத்து, கவுன்சலிங் போய், பிறக்காத பிள்ளைகளுக்காக அழுது முடித்துவிட்டு வந்தார்கள். வரப்போகும் குழந்தைக்கு அவர்கள் செய்த முதல் நன்மை அதுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று தத்தெடுப்புச் சட்டம் எதுவும் கிடையாது. 1956-ன் இந்துத் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆகவே ஆபீஸ் நண்பர் சொந்தக்காரர் பிள்ளையைப் பத்திரம் எழுதித் தத்தெடுத்தாரே என்று பார்த்து நீங்களும் இறங்கக் கூடாது. பல தலைமுறைகளாக நம்மவர்களுக்கு இருந்த ஒரே வழி 1890-ன் பாதுகாவலர் சட்டம். அதில் நீங்கள் பாதுகாவலர் ஆகலாமே தவிர, பெற்றோர் ஆக முடியாது. பிள்ளைக்கு 18 வயதானதும் அந்த உறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகும். தானாக வாரிசுரிமை வராது. இளைஞர் நீதிச் சட்டம் 2000-ல் வந்து, 2006-ல் திருத்தப்பட்ட பிறகே எந்த மதத்தவரும் முழுப் பெற்றோராகும் வழி தெளிவானது. 2014-ல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்று நடப்பில் இருப்பது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டமும், அதன்கீழ் வந்த 2022-ன் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும்.

வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதில் இத்தனை கட்டுப்பாடு வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984-ல் நீதிபதி பி.என். பகவதி அமர்வு விதிமுறைகள் வகுத்தது. மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையம், அதாவது எல்லோரும் 'காரா' என்று சொல்லும் அமைப்பு, 1990-ல் வந்தது. அப்படியும் தவறுகள் நின்றுவிடவில்லை. சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் போலிக் காகிதங்களோடு வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது 2005-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே அவர்களை வளர்த்தவர்கள் நல்ல எண்ணத்தோடு, முறைப்படிதான் செய்கிறோம் என்று நம்பியவர்கள். இங்கே பெற்ற தாய் பிள்ளையைத் தேடி வருடக்கணக்கில் காவல் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். இதை நான் எழுதுவது உங்களைப் பயமுறுத்த அல்ல. ஒவ்வொரு கையெழுத்துக்கும் வாரக்கணக்கில் காத்திருக்கும்போது, அந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாமதம் அவளுக்காக வைத்த தாமதம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஊரில் ஒரு போதகருக்குத் தெரிந்த ஹோம், ஒரு சிஸ்டருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி, "கல்யாணமாகாத பொண்ணு ஒருத்தி பிள்ளையைக் கொடுக்க ரெடியா இருக்கா" என்று ஒரு போன். எல்லாமே கர்த்தர் திறந்த கதவாகத் தோன்றும். 1901 முதல் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த கதையைக் கேட்டு வளர்ந்த திருநெல்வேலிச் சபைகளுக்கு, ஒரு நல்ல மனிதர் கையிலிருந்து இன்னொரு நல்ல மனிதர் கைக்குக் குழந்தை போவது இயல்பாகப் படும். இன்றைய சட்டத்தில் அது குற்றம். முறையைப் பின்பற்றாமல் குழந்தையைத் தத்துக் கொடுத்தாலோ எடுத்தாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறினால் 5 ஆண்டு வரை கடுங்காவல். கொடுக்க முன்வந்த அந்தப் பெண்ணுக்கும் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைத்த பிறகு, மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெற அவளுக்கு 60 நாள் இருக்கிறது. போதகர் மூலமாக நேரடியாக வாங்கினால் நாம் அவளிடமிருந்து பறிப்பது அந்த 60 நாளை.

வரிசை தவறினால்

எந்தெந்தக் காகிதம் என்பதைவிட எது முதலில், எது பிறகு என்பதே முக்கியம். நம் குடும்பம் சென்ற வரிசை இது. முதலில் காரா அங்கீகரித்த அமெரிக்கத் தத்தெடுப்பு ஏஜென்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். காரா தன் இணையதளத்தில் நாடுவாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாத ஏஜென்சி எவ்வளவு கிறிஸ்தவப் பெயர் வைத்திருந்தாலும் பயனில்லை. அந்த ஏஜென்சி, வீட்டுக்கு வந்து குடும்பத்தை ஆராயும் ஹோம் ஸ்டடியை முடித்தது. அதை வைத்து அமெரிக்கக் குடியேற்றத் துறையில் ஐ-800ஏ விண்ணப்பம். நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்களா என்று அந்த அரசு பார்ப்பது இதில்தான். அது கிடைத்த பிறகு ஏஜென்சி அவர்களை காராவின் தளத்தில் பதிவு செய்தது. பிறகு காத்திருப்பு. பிறகு ஒரு குழந்தையின் விவரம் வந்தது. அதை ரெஃபரல் என்பார்கள். ஏற்றுக்கொண்டதும் அந்தக் குழந்தையின் பெயரில் ஐ-800 விண்ணப்பம். இரு நாடுகளும் ஒப்பந்தத்தின் 5, 17-ம் பிரிவுகளின்படி ஒப்புதல் கடிதங்கள் கொடுத்து, காரா தடையில்லாச் சான்று தந்த பிறகே இந்தியாவில் தத்து உத்தரவுக்கு மனு போட்டார்கள்.

இதில் நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதித்து, முதலில் தத்து உத்தரவு வாங்கிவிட்டுப் பிறகு அமெரிக்கக் காகிதத்துக்குப் போனால், சரிசெய்ய வருடங்கள் ஆகலாம். சில வழக்குகளில் சரிசெய்யவே முடியாது. ஊரில் இருக்கும் மாமா அல்லது வக்கீல் நண்பர், "முதல்ல ஆர்டரை வாங்கிடுவோம், விசா அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அன்போடுதான் சொல்வார். கேட்காதீர்கள்.

தத்து உத்தரவு கொடுப்பது இப்போது மாவட்ட ஆட்சியர். முன்பு நீதிமன்றத்தில் இருந்த இந்த அதிகாரம், 2021-ன் திருத்தச் சட்டத்தால் 2022 செப்டம்பர் 1 முதல் ஆட்சியரிடம் வந்தது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். மனு போட்ட 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். பழைய வழிகாட்டிகளில் நீதிமன்றம் என்று படித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

தகுதி விதிகளில் கிறிஸ்தவத் தம்பதிகள் தடுமாறும் சில இடங்களை மட்டும் சொல்கிறேன். திருமண வாழ்வு குறைந்தது 2 ஆண்டு நிலையாக இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் உள்ளவர்களுக்குச் சிறப்புத் தேவையுள்ள குழந்தையோ, எளிதில் வீடு கிடைக்காத குழந்தையோதான் தரப்படும். வயதுக் கணக்கு தம்பதியின் கூட்டு வயதில் பார்க்கப்படுகிறது: 2 வயது வரையுள்ள குழந்தைக்கு 85, 4 வயது வரை 90, 8 வயது வரை 100, அதற்கு மேல் 110. பெற்றோரில் யாருக்கும் குழந்தைக்கும் இடையில் 25 ஆண்டுக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

யாருக்கு எந்தக் குழந்தை

"மூணு மாசக் குழந்தை, தமிழ்நாட்டுப் பிள்ளை, ஆரோக்கியமா" என்று எழுதிக்கொண்டு வருபவர்களுக்கு நான் கைகூப்பிச் சொல்வது: அந்தக் குழந்தைக்கு இந்தியாவிலேயே வீடு காத்திருக்கிறது. தத்துக்குச் சட்டப்படி விடுவிக்கப்பட்ட குழந்தையை முதலில் இந்தியாவில் வசிப்பவர்களுக்கும் என்.ஆர்.ஐ.களுக்கும்தான் காட்ட வேண்டும். 60 நாளில் அமையாவிட்டால்தான் நாடு தாண்டும் தத்துக்கு வரும். அதிலும் இந்திய வம்சாவளியினருக்கு முன்னுரிமை. உடல் அல்லது மனக் குறைபாடுள்ளவர்கள், உடன்பிறப்புகள், 5 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆகியோருக்கு வெளிநாட்டுத் தத்தில் சட்டமே முன்னிடம் தருகிறது. ஆகவே நீங்கள் வெளிநாட்டுக் குடிமக்கள் என்றால், உங்களுக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளை, அல்லது அண்ணன் தங்கை இருவர், அல்லது இதயத்தில் ஓட்டை, காது கேளாமை, வளர்ச்சித் தாமதம் போன்ற ஏதோ ஒன்றோடு வரும் பிள்ளை. இதைக் குறையாக எண்ணுபவர்கள் இந்தப் பாதையில் இறங்க வேண்டாம். ஏற்க முடியாது என்று முன்கூட்டியே சொல்வது பாவம் அல்ல. ஏற்றுக்கொண்டு பாதியில் திருப்பி அனுப்புவதே பெரும் தீங்கு.

நம் குடும்பத்துக்கு வந்தது ஒடிசாவில் ஒரு காப்பகத்திலிருந்த ஆறு வயதுப் பெண் குழந்தை. மொழி ஒடியா. குழந்தையின் ஆய்வறிக்கையும் மருத்துவ அறிக்கையும் சில பக்கங்கள்தான். புகைப்படத்தில் பேன் தொல்லைக்காகக் கிராப் வெட்டிய தலை, அளவு பெரிய ஃப்ராக், கேமராவைப் பார்க்காத கண். எடை வயதுக்குக் குறைவு, ரத்தசோகை, பேச்சில் தாமதம். "பிற குறிப்புகள்" என்ற கட்டத்தில் இரண்டு வரி: சாப்பாட்டை வேகமாக உண்பாள், தூங்கும்போது ஆயாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாள்.

முடிவு சொல்லக் குறைந்த அவகாசமே இருக்கும். அதற்குள் அறிக்கையைச் சர்வதேசத் தத்தெடுப்பில் அனுபவமுள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அமெரிக்காவில் இதற்கென்றே சிகிச்சை மையங்கள் உண்டு. தலைச் சுற்றளவு பிறந்ததிலிருந்து எப்படி வளர்ந்திருக்கிறது என்பதை அவர் முதலில் பார்ப்பார். எழுதியிருப்பதைவிட எழுதாததைக் கேளுங்கள்: காப்பகத்துக்கு வருமுன் எங்கே இருந்தாள், உடன்பிறந்தவர் யாராவது உண்டா, ஆயாக்கள் எத்தனை முறை மாறினார்கள். ஜெபித்துக்கொண்டே கேளுங்கள். ஜெபம் பண்ணுகிறவர்கள் மருத்துவரிடம் சந்தேகம் கேட்கக் கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து பாட்டி போனில் கேட்டார்: "ஏட்டி, யாரு பெத்த பிள்ளையோ, என்ன சாதியோ, எப்படி நம்ம வீட்டுல சேக்க?" மகள் பொறுமையாகச் சொன்னாள்: "அம்மா, அவ வந்ததும் ஒங்களத்தான் ஆச்சின்னு கூப்பிடப் போறா. அவகிட்ட இந்தக் கேள்விய ஒருநாளும் கேக்க மாட்டேன்னு இப்பவே எனக்குச் சொல்லுங்க." இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் ஆச்சி, பிள்ளைக்குக் காதுகுத்தியிருக்கிறதா என்று கேட்டார். நம் சபைகளில் சாதி இல்லை என்று நடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தை வருமுன் இரு பக்கத்துப் பெரியவர்களோடும் இந்தப் பேச்சை வெளிப்படையாகப் பேசி முடித்துவிடுங்கள். நிறத்தைப் பற்றியும் சேர்த்தே பேசுங்கள். திருந்தாத உறவினரிடமிருந்து விலகி நிற்கவும் தயாராக இருங்கள்.

ஹோம் ஸ்டடியில் உண்மை

சமூகப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது காபி, முறுக்கு, சுவரில் வசனப் பலகை என்று எல்லாம் தயாராக இருக்கும். அவர் பார்க்க வருவது அதை அல்ல. உங்கள் அப்பா உங்களை அடித்தாரா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், கரு கலைந்தபோது ஒருவருக்கொருவர் என்ன சொன்னீர்கள் என்று கேட்பார். அமெரிக்க விண்ணப்பத்தில் பழைய கைது, வழக்கு, மனநல சிகிச்சை, போதைப் பழக்கம் எதையும் மறைக்கக் கூடாது. வழக்கு தள்ளுபடியாகி ஆவணத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தாலும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்ததைச் சொன்னால் குழந்தை கிடைக்காது என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். சிகிச்சை எடுத்துத் தேறியது பொதுவாகத் தடையாகாது. மறைத்தது பிடிபட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

பிரம்பு பற்றியும் பேச வேண்டும். நீதிமொழிகளைச் சுட்டிக்காட்டி, பிள்ளையை அடித்து வளர்ப்பதே தேவபக்தி என்று நம்பும் வீடுகள் நம்மிடையே நிறைய. உடல்தண்டனை தரமாட்டோம் என்று ஏஜென்சிகள் எழுத்தில் வாங்கிக்கொள்ளும். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அது அவங்களுக்காக" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் கையால் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கக்கூடிய பிள்ளை அவள். நீங்கள் கை ஓங்கும் முதல் நாளிலேயே, இந்த வீடும் அந்த வீடுதான் என்று முடிவுகட்டிவிடுவாள். உங்கள் சொந்த மகனையும் அதற்கு முன்பே அடிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். அவள் அதைத்தான் முதலில் கவனிப்பாள்.

போதகர் தரும் பரிந்துரைக் கடிதத்தில் ஒழுங்காகத் தசமபாகம் கொடுப்பவர்கள் என்று இருந்தால் போதாது. ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளோடு எப்படிப் பழகுகிறீர்கள் என்று அவர் கண்ணால் கண்டதை எழுதச் சொல்லுங்கள்.

செலவும் சபையும்

ஏஜென்சிக் கட்டணம், அரசுக் கட்டணம், மொழிபெயர்ப்பு, பயணம் என்று செலவு பெரிது. அமெரிக்காவில் தத்தெடுப்புக்கு வரிச்சலுகை உண்டு. 2025-ம் ஆண்டுக்கான உச்சவரம்பு 17,280 டாலர். வருமானம் மிக அதிகமானால் சலுகை குறையும். வெளிநாட்டுத் தத்துக்கு, தத்து முழுமையான ஆண்டிலிருந்தே அதைக் கோர முடியும். எனவே முன்பணம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். இந்தியாவில் காப்பகத்துக்கு விதியில் சொன்ன தொகை மட்டும், வங்கி வழியாக, ரசீதோடு. தசமபாகத்திலிருந்து அந்தக் காப்பகத்துக்கே ஒரு காணிக்கை கொடுத்தால் என்ன என்று தோன்றும். தத்து நடந்துகொண்டிருக்கும்போது கூடாது. எவ்வளவு சுத்தமான மனதோடு கொடுத்தாலும், அது விலையாக வாசிக்கப்படும்.

சபை காணிக்கை திரட்ட முன்வந்தால் நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் குழந்தையின் படத்தை ஸ்கிரீனில் போடக் கூடாது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது இந்தியச் சட்டப்படி 6 மாதம் வரை சிறைக்கோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது. அவள் எங்கே கண்டெடுக்கப்பட்டாள், ஏன் விடப்பட்டாள் என்பது அவளுடைய சொத்து. பெரியவளாகி அவள் யாரிடம் சொல்ல விரும்புகிறாளோ அவர்களுக்கே அது உரியது. நம் குடும்பத்தின் சபையில் "சாட்சி சொல்லுங்க, அநேகருக்கு ஆசீர்வாதமா இருக்கும்" என்று மேடைக்கு அழைத்தார்கள். கணவர், தேவன் தங்களுக்குக் காட்டிய இரக்கத்தைப் பற்றி மட்டும் பேசி இறங்கிவிட்டார். நான் கேட்ட சாட்சிகளில் அதுதான் நல்ல சாட்சி.

பவுல் ரோமருக்கு எழுதியபோது தத்தெடுப்பை இரட்சிப்புக்கு உவமையாக்கினார். அந்த உவமையை நம் வீட்டுக்குள் தலைகீழாகக் கொண்டுவந்துவிடக் கூடாது. நாம் மீட்பர்கள் அல்ல. அவள் நமக்கு நன்றிக்கடன் பட்டவளும் அல்ல. பிரசங்கங்களில் பார்வோனின் மகள் மோசேயை எடுத்ததைப் பேசுவோம். நாணலுக்குள் பெட்டியை வைத்துவிட்டுப் போன யோகெபேத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுவோம். உங்கள் குடும்ப ஜெபத்தில், உங்கள் பிள்ளையைப் பெற்ற, பெயர் தெரியாத தாய்க்காகவும் ஒரு வாக்கியம் இருக்கட்டும்.

பெயர் விஷயமும் இதோடு சேர்ந்தது. எஸ்தர் என்று வைக்கலாமென்று குடும்பத்தில் எல்லோரும் விரும்பினார்கள். ஆறு ஆண்டுகள் ஒரு பெயரில் கூப்பிடப்பட்ட பிள்ளை அவள். எஸ்தருக்கே அத்சாள் என்று முந்தைய பெயர் ஒன்று இருந்ததையும் வேதம் மறைக்கவில்லை. பழைய பெயரை முதற்பெயராக விட்டு, எஸ்தரைப் பின்னால் சேர்த்தார்கள். ஞானஸ்நானத்தையும் அவசரப்படுத்தவில்லை. கைமாறிக் கைமாறி வந்த ஒரு குழந்தையை, அவளுக்குப் புரியாத சடங்கில் ஒரு கூட்டத்தின் நடுவில் நிறுத்த வேண்டாம் என்று அவர்கள் ஆயரும் ஒப்புக்கொண்டார்.

முதல் நாட்கள்

தடையில்லாச் சான்று வந்த பிறகு, உத்தரவு கிடைக்கும் வரை இந்தியாவுக்குள் குழந்தையைத் தற்காலிகமாக உங்களோடு வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. விடுப்பு கிடைத்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். விமானம், புது நாடு, புது மொழி எல்லாம் ஒரே வாரத்தில் வருவது பிள்ளைக்கு நல்லதல்ல.

புவனேஸ்வரில் வாடகைக்கு எடுத்த வீட்டில் முதல் இரவு அவள் கட்டிலில் படுக்க மறுத்துவிட்டாள். கதவருகே தரையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, துப்பட்டாவின் நுனியை அவள் கைக்கு எட்டும்படி போட்டாள். காலையில் தலையணை உறைக்குள் இரண்டு பிஸ்கட்டும் பாதி இட்லியும் இருந்தன. இது திருட்டு அல்ல, கெட்ட பழக்கமும் அல்ல. அடுத்த வேளை சாப்பாடு வரும் என்று நம்ப முடியாத பிள்ளை செய்வது. பிடுங்காதீர்கள். எட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் எப்போதும் தின்பண்டம் வைத்து, இது உன்னுடையது என்று காட்டுங்கள். பல பிள்ளைகளுக்கு மாதங்களில் இது தானாகக் குறையும்.

ஒடியாவில் பசி, தண்ணீர், வலி, பாத்ரூம், பயம், போதும் போன்ற அவசரச் சொற்களை இருவரும் முன்கூட்டியே கற்றிருந்தார்கள். சாப்பாட்டில்தான் அவர்களுக்கு எதிர்பாராத உதவி கிடைத்தது. பீட்சாவையும் நூடுல்ஸையும் தள்ளிவிட்டவள், அப்பா தனக்காக வைத்திருந்த பழைய சோற்றைக் கண்டதும் கிட்டே வந்தாள். ஒடிசாவில் பக்காளா என்று தினமும் உண்பது அதைத்தான். உப்பும் வறுத்த உருளைக்கிழங்கும் வைத்துக் கொடுத்ததும், அந்த வாரத்தில் முதல் முறையாக அவசரப்படாமல் சாப்பிட்டாள்.

அமெரிக்கா போனதும் முதல் சில மாதங்கள் வீட்டில் விருந்து, சபை வரவேற்பு எதுவும் வேண்டாம். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அம்மாவும் அப்பாவும் மட்டும். சபை ஆன்ட்டிகள் ஆசையாகத் தூக்க வருவார்கள், கனிவாகத் தடுத்துவிடுங்கள். யார் கூப்பிட்டாலும் போகும் பிள்ளையைப் பார்த்து, "எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கிட்டா" என்று மகிழ்பவர்கள் உண்டு. மருத்துவர்கள் அதைக் கவலையோடுதான் பார்க்கிறார்கள். மூத்த மகனையும் மறக்காதீர்கள். அவனோடு தனியாகச் செலவிடும் நேரம் குறைந்தால், அவன் கோபம் அவள் மேல்தான் இறங்கும்.

திரும்பி வந்த பிறகு

தத்து உத்தரவு, புதிய பிறப்புச் சான்றிதழ், இந்திய பாஸ்போர்ட், ஒப்பந்தத்தின் 23-ம் பிரிவின்படி காரா தரும் இணக்கச் சான்று ஆகியவற்றோடு டெல்லியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா. இந்தியாவிலேயே தத்து முழுமையானால் ஐ.எச்.-3 வகை கிடைக்கும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, குடிமகனான பெற்றோரோடு வாழ அந்த விசாவில் அமெரிக்காவில் இறங்கியதுமே குடிமகள் ஆகிறாள். 2000-ல் இயற்றிய குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தின் பலன் இது. அந்தச் சட்டம் நடப்புக்கு வந்த 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு இந்த உரிமை கிடைக்கவில்லை. பெற்றோர் காகிதம் முடிக்காததால், நடுவயதில் நாடு கடத்தப்பட்ட தத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வந்து சேர்ந்ததா என்று பார்த்து, வராவிட்டால் விடாமல் கேளுங்கள். அதன் பிறகு இந்திய பாஸ்போர்ட்டை முறைப்படி ஒப்படைத்து, அவளுக்கு ஓ.சி.ஐ. வாங்குங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்: முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று. சிலர் கடைசி அறிக்கைகளைத் தட்டிக்கழிக்கிறார்கள். அப்படிச் செய்வது அடுத்து வரிசையில் நிற்கும் குடும்பங்களைப் பாதிக்கும். அடம், இரவு பயம், பள்ளியில் பின்னடைவு இவற்றையும் எழுதுங்கள். உதவி அப்போதுதான் வரும்.

இந்தியச் சட்டப்படி 18 வயதானதும் அவள் தன் வேரைத் தேடித் தானே விண்ணப்பிக்கலாம்; அதற்கு முன்பானால் உங்களோடு சேர்ந்து. பெற்றவரின் விவரம் ரகசியமாகக் காக்கப்படும்; எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடாது. அதனால் இப்போது உங்கள் கையில் இருக்கும் கோப்பு முக்கியம். காவல் நிலையக் குறிப்பு, நலக் குழுவின் உத்தரவு, காப்பகத்தின் எடைப் பதிவு, ஆயாவோடு எடுத்த படம், அவள் உடுத்தி வந்த ஃப்ராக் எல்லாவற்றையும் சேருங்கள். வேதனை தருகிறது என்று எந்தத் தாளையும் கிழிக்காதீர்கள். நகல் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில். மற்றொன்று, உங்களுக்குப் பின் அவளை வளர்க்கும் பொறுப்பை உயிலில் யாருக்கு எழுதியிருக்கிறீர்களோ அவரிடம்.